டிரைக்கோடெர்மா விரிடி தூள்: கடற்கரை மணலில் சீனிக்கிழங்குக்குப் போட்டுப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயிரை அழுக வைக்கும் பூஞ்சாணத்தை அடக்குகிற இந்தப் பூஞ்சாணத் தூள் நல்ல தூள்தான். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து வெறும் மணலில் தூவிவிட்டு இனி கிழங்கு அழுகாது என்று இருந்துவிட்டால் கொடுத்த காசு வீண். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணலிலோ தேவிபட்டினம் பக்கத்து உவர் தட்டிய நிலத்திலோ சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) போடுகிறவர்கள் இதை வாங்குவதற்கு முன்னால் மக்கிய எருவுக்கு வழி பண்ணிக்கொள்ளுங்கள். எரு கையில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து முதலில் எருவை வாங்குங்கள், தூளை அடுத்த போகத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எதைப் பற்றிச் சொல்கிறேன் என்றால், உரக்கடைகளில் ஒரு கிலோ பாக்கெட்டில் வரும் டிரைக்கோடெர்மா விரிடி. டால்க் பவுடரில் கலந்த, லேசாகப் பச்சை ஓடின வெள்ளைத் தூள். எங்கள் பக்கம் கிலோ 200 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது, கடைக்குக் கடை கொஞ்சம் ஏறும் இறங்கும். சில பாக்கெட்டில் விரிடி என்றும் சிலதில் ஆஸ்பெரெல்லம் என்றும் சிலதில் ஹர்சியானம் என்றும் போட்டிருக்கும். முன்பு விரிடி என்று சொன்ன பல ரகங்களை இப்போது ஆஸ்பெரெல்லம் என்று பிரித்திருக்கிறார்கள், அதனால் அந்தப் பெயரைப் பார்த்து வேறு ஏதோ மருந்து என்று பயப்பட வேண்டாம். ஹர்சியானமும் இதே குடும்பம்தான், செய்யும் வேலையும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

எங்கள் நிலத்தில் இது எதற்குத் தேவைப்பட்டது என்றால் கழுத்தழுகலுக்கு. சீனிக்கிழங்குக் கொடி நட்டு ஒரு மாதம் போல ஆனதும், நன்றாகப் படர்ந்து வந்த கொடி ஒன்றிரண்டு பகலில் தொய்ந்து நிற்கும், தண்ணீர் விட்டாலும் தலை தூக்காது. இழுத்தால் அடித்தண்டோடு கையில் வந்துவிடும். மண்ணை லேசாக விலக்கிப் பார்த்தால் தண்டின் கழுத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று நூல் படர்ந்திருக்கும், அந்த நூலுக்கு நடுவே கடுகு போல உருண்டை உருண்டையாக, முதலில் வெள்ளையாகவும் பிறகு பழுப்பாகவும் மணிகள் இருக்கும். ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி என்கிற பூஞ்சாணம் இது. அந்த மணிகள்தான் அதன் விதை முதல், செடி செத்த பிறகும் மண்ணில் கிடந்து அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். நிலக்கடலை போட்ட நிலத்தில் சீனிக்கிழங்கு போட்டால் இது கூடுதலாகத் தெரிகிறது என்று பலர் சொல்வார்கள், அதில் தப்பில்லை, கடலையிலும் தண்டழுகலைக் கொண்டுவருவது இதே பூஞ்சாணம்தான். கடலை, கிழங்கு, மறுபடி கடலை என்று மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டுமே அதற்குத் தீனி.

இந்தத் தூள் அதை எப்படி மடக்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எப்போது, எப்படிப் போட வேண்டும் என்பது விளங்கும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம், ஆனால் மற்ற பூஞ்சாணங்களைத் தின்று வாழக்கூடியது. நோய்ப் பூஞ்சாணத்தின் இழையைக் கண்டால் அதன் மேல் சுற்றிக்கொண்டு, அதன் மேல்தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடுகிறது. வெய்ண்ட்லிங் என்கிற ஆராய்ச்சியாளர் 1932லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார், நேற்று வந்த சங்கதி இல்லை. இது போக, வேரைச் சுற்றி முதலில் இது குடியேறிவிட்டால் நோய்ப் பூஞ்சாணத்துக்கு இடமும் கிடைக்காது, தின்ன ஒன்றும் கிடைக்காது. ஆக, இது நோய் வருமுன் இடம் பிடிக்கிற வேலை. கழுத்து அழுகி கொடி தொய்ந்த பிறகு தூளைக் கரைத்து ஊற்றினால் அந்தக் கொடி பிழைக்காது. பக்கத்துக் கொடிக்கு வேண்டுமானால் கொஞ்சம் தடுப்பாக இருக்கும். "போட்டேன் கேக்கலை" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் செடி சாய்ந்த பிறகு போட்டவர்கள்.

சரி, உயிருள்ள பொருள் என்றால் உயிரோடு நம் கைக்கு வர வேண்டும் அல்லவா? இங்கேதான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். நான் ஒரு போகத்துக்கு வாங்கிய கடையில் (பேரைச் சொல்ல விரும்பவில்லை) பாக்கெட்டுகளை வாசல் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் மேற்கு வெயில் நேராக விழுகிற இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். சித்திரை வெயில். பாக்கெட்டைத் தொட்டால் கையில் சுடுகிறது. இந்தப் பூஞ்சாணத்துக்குத் தோதான சூடு 25இலிருந்து 30 டிகிரி வரை, அதற்கு மேலே போகப் போகத் திணறும். தேதியைப் பார்த்தால் தயாரித்து அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "அண்ணே, இது உயிரோட இருக்குமா?" என்று கேட்டேன். "தம்பி, காலாவதிக்கு இன்னும் மாசம் இருக்கு, பயப்படாம எடுத்துட்டுப் போங்க" என்றார். பாக்கெட்டில் அச்சடித்த காலாவதித் தேதி ஒரு வருஷம் வரை இருக்கிறது, உண்மைதான். ஆனால் டால்க்கில் கலந்த தூளை 4 மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள் என்றுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, அதுவும் நிழலில் வைத்திருந்தால். வெயிலில் வறுபட்ட பாக்கெட்டுக்கு அந்த 4 மாதமும் கிடையாது.

அதே கடையில் இன்னொன்றும் நடந்தது. தூளோடு சேர்த்து கார்பன்டசிமும் எடுத்து வைத்து, இரண்டையும் ஒரே தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள், டபுள் பவர் என்று சொன்னார்கள். கார்பன்டசிம் பூஞ்சாணத்தைக் கொல்கிற மருந்து. டிரைக்கோடெர்மா அதற்கு முதல் பலி. இரண்டையும் ஒன்றாகக் கலப்பது காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்துக் கொல்வது. ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி கட்டாயம் போட வேண்டிய நிலை என்றால் இரண்டுக்கும் நடுவே 15 நாளாவது இடைவெளி விடுங்கள். விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் விற்பதால் நஷ்டப்படுவது கடன் வாங்கிக் கொடி நடுகிற ஆள்.

வாங்கும்போது பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும் என்றால், தயாரித்த தேதி முதல் விஷயம், கம்பெனி பெயர் அப்புறம். பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிராம் தூளில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது 1 சதவீதம் என்று போட்டு வரும் இந்தத் தூளுக்கான அளவு, 2 × 10⁶ சிஎஃப்யூ என்று எழுதியிருக்கும். பச்சை நிறத்தை மட்டும் பார்த்து நல்ல தூள் என்று முடிவு பண்ணாதீர்கள், நிறம் இருப்பதாலேயே உயிர் இருக்கிறது என்று ஆகாது.

உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். உப்புப் போடாமல் வேகவைத்த சோறு ஒரு கை, சுடுதண்ணீரில் கழுவின கண்ணாடிக் குவளை, சோறு நன்றாக ஆறியதும் ஒரு சிட்டிகை தூளைத் தூவி வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்துவிடுங்கள். தூவாத சோற்றையும் இன்னொரு குவளையில் பக்கத்திலேயே வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். நல்ல தூளாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் சோற்றின் மேல் வெள்ளைப் பஞ்சு கட்டி, ஒரு வாரத்துக்குள் அது அடர் பச்சையாக மாறும். துணியை அவிழ்க்கும்போது வருகிற வாசனையைக் கவனியுங்கள். தேங்காய் வாசனை வரும், தேங்காய்ப் பத்தையை அப்போதுதான் கீறினது மாதிரி சுத்தமான வாசனை. இந்தப் பூஞ்சாணத்தில் பல ரகங்கள் சுரக்கும் ஒரு பொருளுக்கே தேங்காய் மணம் உண்டு, அதுவும் நோய்ப் பூஞ்சாணங்களை அடக்குகிற பொருள்தான். எல்லா ரகத்துக்கும் இந்த வாசனை வராது, அதனால் வரவில்லை என்றதும் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் புளித்த நாற்றமோ அழுகின நாற்றமோ வந்தாலும், கறுப்பு கறுப்பாகப் பூத்தாலும், தூவாத சோறும் அதே மாதிரி பூத்திருந்தாலும் அந்தத் தூளை நம்பாதீர்கள். நான் சொன்ன அந்த வெயில் பாக்கெட்டில் சோறு புளித்துப் போனதே தவிர பச்சை ஏறவே இல்லை. அதற்கடுத்து வேறு இடத்தில், புதிய தேதி போட்டு வாங்கின பாக்கெட்டில் நாலாவது நாளே பச்சை தெரிந்தது. பார்த்து முடித்ததும் அந்தச் சோற்றை ஆடு கோழிக்குப் போடாமல் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.

இப்போது எரு விஷயம். இதுதான் இந்தக் கரையில் தலையான விஷயம், மற்ற மாவட்டத்துக்காரர்கள் எழுதுவதில் இது கிடைக்காது. நம்முடைய மணலில் கரிமச்சத்து மிகக் குறைவு. மண்ணும் தண்ணீரும் பல இடங்களில் காரத்தன்மையும் உப்பும் கூடியவை. டிரைக்கோடெர்மாவுக்குக் கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்த மண்தான் பிடிக்கும், தின்பதற்கு மக்கிய பொருள் வேண்டும், ஈரம் வேண்டும். மணலில் இந்த மூன்றும் இல்லை. அதனால்தான் வெறுமனே தூவினால் பட்டினியில் அடங்கிப் போகிறது. வழி என்ன என்றால், நிலத்துக்குப் போகும் முன்னாலேயே எருவில் அதைப் பெருக்கிக்கொள்வது.

ஏக்கருக்கு 1 கிலோ தூள், 100 கிலோ நன்றாக மக்கின தொழுவுரம். வேப்பம் புண்ணாக்கு கிடைத்தால் எருவில் பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் இது நன்றாக வளர்கிறது. தென்னை மரத்து நிழலில் குவியலாகப் போட்டு, கையில் பிடித்தால் பிடி நிற்கிற அளவுக்கு ஈரம் பண்ண வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. இந்தத் தண்ணீர்தான் கவனம்: உவர்க் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள், பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரும் வேண்டாம். மணலில் தோண்டின ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கிற ஊர்களுக்குக் கவலை இல்லை, மற்றவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் அது போதும். மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, மூன்று நாலு நாளைக்கு ஒரு தரம் கிளறிவிட்டு, காய்ந்தால் தெளித்து, இரண்டு வாரம் போல வைத்தால் எருவின் மேல் வெள்ளையும் பிறகு பச்சையும் பூக்கும். சாக்கைத் தூக்கும்போது பச்சை பூத்த எரு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும், உடைத்தால் உள்ளேயும் இழை ஓடியிருக்கும். அந்தப் பக்குவத்தில் அதை, பார் (கொடி நடுகிற மண்மேடு) ஓட்டுவதற்கு முன் கடைசி உழவில் நிலத்தில் சேர்க்க வேண்டும். சாயங்காலத்தில் போட்டு உடனே மண்ணால் மூடுங்கள், வெயிலில் கிடக்க விடாதீர்கள்.

பச்சைச் சாணியில் கலப்பவர்களைப் பார்க்கிறேன். பச்சைச் சாணி குவியலில் சூடேறும், அந்தச் சூட்டில் இது தாங்காது. அதேபோல் கரையில் ஒதுங்குகிற கடல்பாசியை அள்ளிவந்து அப்படியே குவியலில் போடுவதும் சரியில்லை, நல்ல தண்ணீரில் அலசி உப்பு போன பிறகுதான் அது எருவாகும்.

ஆட்டுக்கிடை போட வசதி இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, கோடையில் கிடை அமர்த்தி மேலோட்டமாக உழுது போட்டுவிட்டு, அதற்கு அப்புறம் பெருக்கின எருவைப் போடுங்கள். கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) அள்ள அனுமதி கிடைத்த வருஷம் அதையும் மணலில் சேர்த்துவிட்டால் ஈரம் நிற்கும், ஈரம் நின்றால் பூஞ்சாணமும் நிற்கும். நான் கிடை போட்ட துண்டிலும் போடாத துண்டிலும் ஒரே தூளை ஒரே நாளில் போட்டேன். கிடை போட்ட துண்டில் கழுத்தழுகல் அங்கொன்றும் இங்கொன்றும்தான். போடாத துண்டில் முந்தின வருஷத்தை விடக் குறைவு என்று சொல்லலாம், ஆனால் மனநிறைவாகச் சொல்கிற அளவுக்கு இல்லை. தூளும் போடாமல் ஒப்பீட்டுக்கென்று விட்ட ஓரத்துப் பாரில் இடைவெளி விழுந்தது ரோட்டிலிருந்தே தெரிந்தது. இது ஒரு நிலத்தில் நான் கண்ணால் பார்த்த கணக்கு, அவ்வளவுதான், ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொடி நடும்போதும் ஒரு வேலை இருக்கிறது. நறுக்கின கொடிக் குச்சிகளின் அடியை இந்தத் தூள் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் நனைத்து எடுத்து நடலாம், வெட்டுவாய் வழியாக நோய் ஏறுவதற்கு அது ஒரு தடை. விதையாகப் போடுகிற பயிருக்கு, உதாரணமாக முள்ளங்கி, பீட்ரூட் போடுகிறவர்களுக்கு, கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. முளைத்த கையோடு நாற்று சாய்கிற நோய்க்கு இது நன்றாகவே கேட்கும். நம்ம ஊர் முண்டு மிளகாய் நாற்றங்காலில் இதைப் போடுகிறவர்கள் பலர் உண்டு, அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

எதற்கெல்லாம் இது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் எல்லாவற்றுக்கும் இதையே எடுத்துக் கொடுக்கிறார்கள். கிழங்கைக் கீறினால் உள்ளே துளை துளையாகக் குடைந்து, கசந்து, நாற்றமடித்தால் அது கூன்வண்டு வேலை, பூஞ்சாணம் இல்லை. அதற்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும், வண்டு இல்லாத கொடியாகப் பார்த்து நட வேண்டும், வெடித்துத் தெரிகிற பாரை மண் அணைத்து மூட வேண்டும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, மணல் நிலத்தில் அது ரொம்பவே உண்டு. அதற்கு லிலாசினம் என்று முடிகிற பெயரில் வேறு பூஞ்சாணத் தூள் வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். சூடோமோனாஸ் என்று விற்பது பாக்டீரியா, அதன் அளவும் வேறு, கிலோ விதைக்கு 10 கிராம், இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மரவள்ளிக்கும் போட்டேன். அங்கே எனக்குத் திருப்தி இல்லை, ஆனால் தூளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில்தான் கிழங்கு அழுகியது, மேட்டில் இருந்த செடிகள் நன்றாக இருந்தன. தண்ணீர் தேங்கினால் வருகிற மரவள்ளிக் கிழங்கழுகல் பெரும்பாலும் ஃபைட்டோஃப்தோரா என்கிற, தேங்கின ஈரத்தில் பரவும் நோய்க்கிருமியால் வருவது. வடிகால் எடுப்பது, மேட்டுப்பாத்தி போடுவது, அழுகினதைத் தோண்டி எடுத்து நிலத்தை விட்டு அப்புறப்படுத்துவது, இதெல்லாம் செய்த பிறகுதான் டிரைக்கோடெர்மாவுக்கு அங்கே வேலை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளிக் கிழங்கழுகலுக்கும் சேனையில் வருகிற கழுத்தழுகலுக்கும் இதைச் சொல்கிறது, அங்கேயும் வடிகாலையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால் புதிய தேதியுள்ள தூளுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது பாக்கெட்டுக்குள் வருகிற விளக்கத் தாளுக்காக. பொடி எழுத்தில், பாதி ஆங்கிலத்தில், எருவில் பெருக்குவதைப் பற்றி ஒரே ஒரு வரி. விவசாயி படிக்க வேண்டிய தாள், எங்கள் அம்மா வயசுக்காரர்களும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற மாதிரி பெரிய தமிழ் எழுத்தில் வந்தால் எத்தனையோ பேர் காசு மிச்சமாகும். வெயிலில் வைத்து விற்ற அந்தக் கடைக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன்.

நமக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான், வருஷத்துக்கு மொத்தம் ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அந்த ஈரத்தை நம்பித்தான் புரட்டாசி, ஐப்பசியில் கொடி நடுகிறோம், இந்தப் பூஞ்சாணத்துக்கும் அதே ஈரம்தான் தோது. அதிலிருந்து பின்னால் கணக்குப் போட்டால், எருக்குவியல் இரண்டு வாரம், சோற்றில் பார்க்க ஒரு வாரம், ஆக ஆவணிப் பாதியிலேயே பாக்கெட் கையில் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டாம். ஆடிக் கடைசியில் ராமநாதபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ புதுச் சரக்கு எப்போது வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்ததும் மண்பானைப் பக்கமோ சமையலறையின் குளிர்ந்த மூலையிலோ வையுங்கள், பூச்சிமருந்து டப்பாக்களோடு மட்டும் வைக்காதீர்கள்.